கிணற்றில் எண்ணெய் கலந்தால்? வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நிலத்தடி நீர் ஆய்வில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்பதால் பலர் என்னிடம் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, வவுனியா நகரில் இருக்கிறோம். கிணற்றுத் தண்ணீரில் டீசல் மணக்கிறது, மேலே மினுமினுப்பாய் ஒரு படலம். பக்கத்தில் இரண்டு கராஜ், கொஞ்சம் தள்ளி ஒரு பெற்றோல் நிலையம். யார் மீது முறையிடுவது?

முறைப்பாடு பிறகு. முதலில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் இன்றே நிறுத்துங்கள். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், எண்ணெயில் உள்ள பென்சீன் என்ற புற்றுநோய் தரும் நஞ்சு ஆவியாகி அடுப்படிக்குள்தான் நிற்கும்.

அடுத்து, படலத்தை ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுப்போல உடைந்து அப்படியே விலகி நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பற்றீரியா. உடனே திரும்ப ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். உங்களுக்கு மணமும் இருப்பதால் எண்ணெய் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

எங்கிருந்து வருகிறது என்பதற்கு நிலத்தடி நீர் ஓடும் திசை தெரிய வேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று கிணறுகள் தேவை, மூன்றும் ஒரே வரிசையில் இருக்கக்கூடாது. விடியற்காலையில், யாரும் மோட்டர் போடுவதற்கு முன், கட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் வரை நாடாவால் அளவுங்கள். ஒரு கட்டு உயரமாகவும் இன்னொன்று பதிவாகவும் இருக்குமே? மேசன்மார் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் ரியூப்பால் மூன்று விளிம்புகளின் உயர வித்தியாசத்தையும் எடுத்துக் கழித்துவிடுங்கள். நீர்மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்குத்தான் ஓட்டம். உங்கள் கிணற்றுக்கு மேல்பக்கம் எது இருக்கிறதோ, சந்தேகம் அங்கேதான் தொடங்க வேண்டும். மாரிக்கும் கோடைக்கும் திசை மாறலாம், ஆகவே இரண்டு பருவத்திலும் அளவுங்கள். இந்தக் கணக்கைத் திகதியோடு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பிரதேச சபையும் உங்கள் பேச்சை வேறு விதமாகக் கேட்பார்கள்.

ஒன்று மட்டும் கவனம். வவுனியாவின் அடியில் இருப்பது கருங்கல். மேலே உக்கிய படை பெரும்பாலும் 10 மீற்றருக்கு மேல் போகாது, அதற்குக் கீழே தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாகத்தான் போகும். அதனால் பக்கத்து வீட்டுக் குழாய்க்கிணறு நல்லாயிருக்க, நாலு வீடு தள்ளி இருப்பது கெட்டுப்போகலாம். அயலவரின் கிணறு சுத்தம் என்பது உங்கள் கிணற்றுக்குச் சான்றிதழ் ஆகாது.

அப்போ முழுவதையும் இறைத்துவிட்டால் என்ன?

வேண்டாம். இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள எண்ணெய் கிணற்றை நோக்கி இழுபடும். இறைத்ததை வளவில் ஊற்றினால் திரும்ப அதே மண்ணுக்குள் இறங்கும்.

சோதனைக்கு எப்படித் தண்ணீர் எடுப்பது?

சோடாப் போத்தல் கூடாது. ஆய்வுகூடம் தரும் கபிலநிறக் கண்ணாடிப் போத்தலில், காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, தாமதிக்காமல் கொடுங்கள். “எண்ணெய், பென்சீன் பார்க்க வேண்டும்” என்று எழுத்தில் கேளுங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் இவை வராது. “எல்லாம் நோர்மல்” என்ற தாளை நம்பிக் குடும்பங்கள் குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன், அந்த வேதனை எனக்கு இன்னும் உண்டு.

கிளிநொச்சியில் படிப்பிக்கிறேன். ஒரு நகரத்தின் கிணறுகளே கெட்டால் திருத்த எவ்வளவு காலம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஆண்டுக்கணக்கு, சில இடங்களில் பல பத்தாண்டுகள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். லொஸ் ஏஞ்சல்சின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில், தொழிற்சாலைகள் கைவிட்ட கரைப்பான்கள் (எண்ணெய்ப்பசை கழுவும் இரசாயனங்கள்) குடிநீர்க் கிணறுகளில் இருப்பது 1980இல் தெரியவந்தது. நீரை மேலே எடுத்து, கோபுரத்தில் காற்றூட்டி நஞ்சைப் பிரிக்கும் நிலையம் 1989இல் ஓடத் தொடங்கியது. அங்கே சுத்திகரிப்பு இன்னும் முடியவில்லை. பம்பை நிறுத்தினால் மண்ணில் ஒட்டியிருப்பது மெல்லக் கசிந்து அளவு மறுபடி ஏறும், அதுதான் காரணம். ஆகவே கசியும் தாங்கியைத் தோண்டி எடுப்பது, ஊறிய மண்ணை அகற்றுவது முதல் வேலை. கரி வடிகட்டியும் காற்றூட்டலும் அதற்குப் பிறகுதான்.

நம்மூர்ச் சுன்னாகத்தையும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து அந்த ஊரின் கிணறுகளில் மின் நிலையத்து எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. ஒரு லீற்றர் குடிநீரும் அந்தக் காசோடு திரும்பிவராது என்று பிள்ளைகளுக்கு விளங்கட்டும்.

அண்ணை, செட்டிகுளத்தில் புளோரைட் அதிகம் என்கிறார்கள். கொதிக்கவைத்தால் போதுமா?

போதாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். இலங்கைத் தரத்தில் மேல் எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். நீரை மென்சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. நிலையத்தின் நீரை குடிக்கவும் சமைக்கவும் எடுங்கள். நிலையத்தின் கழிவுநீரை எந்தப் பக்கம் விடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள், கிணற்றுப் பக்கமென்றால் சண்டைபோடுங்கள். சிறுநீரக நோய்க்குப் புளோரைட் மட்டும்தான் காரணம் என்று அறிவியல் இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனாலும் எல்லை தாண்டிய நீரைக் குடிக்க அது சாட்டு இல்லை.

முல்லைத்தீவுக் கரையோரம். மணல் தரை, மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட. மணல் வடிகட்டாதா?

கிருமியைக் கொஞ்சம் தடுக்கும், மலக்குழியிலிருந்து நீரில் கரைந்து வரும் நைத்திரேற்றைத் தடுக்காது. அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலிருந்தால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது. புதுக்குழி வெட்டுவதென்றால், மேலே சொன்னபடி ஓட்டத்தைப் பார்த்துக் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வெட்டுங்கள்.