“உள்ளே ஃபோம் இருக்கு, மூழ்காது” என்றால் வாங்கிவிடலாமா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். எங்கள் குட்டையில் விட, நான்கு பேர் உட்காரும் பழைய ஃபைபர் மிதி படகு ஒன்று சேலத்தில் விலைக்கு வந்திருக்கிறது. “அடியில் ஃபோம் அடைத்திருக்கிறது, மூழ்கவே மூழ்காது” என்கிறார் விற்பவர். ஆனால் தண்ணீரில் விட்டால் ஒரு பக்கம் தாழ்ந்தே நிற்கிறது. “மழையில் கிடந்தது, நாலு நாள் வெயிலில் போட்டால் சரியாகிவிடும்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: முன்பணம் கொடுப்பதற்கு முன் படகை எடை போடுங்கள். லாரிகளின் ஊரான சேலத்தில் எடை மேடைக்கா பஞ்சம்? டெம்போவை வெறுமனே ஒரு முறை, படகோடு ஒரு முறை நிறுத்துங்கள். பத்து இருபது கிலோ முன்னே பின்னே காட்டினாலும் பரவாயில்லை. அதே மாதிரிப் படகின் புதிய எடையைத் தயாரிப்பாளரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். நூறு கிலோ கூடுதலாக இருந்தால், நூறு லிட்டர் தண்ணீரையும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்று பொருள்.

நல்ல பாலியூரித்தேன் ஃபோம் ஒரு கன அடி இருந்தால் சுமார் 27 கிலோவைத் தாங்கும். விற்பவர் சொல்வது அந்த அளவில் சரிதான். ஆனால் அது காய்ந்திருக்க வேண்டும். ஸ்க்ரூ ஓட்டை, மேல்தளமும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் விழுந்த விரிசல் என்று எங்காவது தண்ணீர் இறங்கும். வடிய வழி இல்லாததால் ஃபோமை ஒட்டியே வருடக்கணக்கில் நிற்கும். தண்ணீர் குடிக்காத ரகம் என்று விற்கப்படும் ஃபோமும் இப்படி ஊறிக் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். உள்ளே போக வருடங்கள் எடுத்த தண்ணீர் நாலு நாள் வெயிலில் வெளியே வராது, அது சேலத்துச் சித்திரை வெயிலாகவே இருந்தாலும்.

சந்தேகம் தீர, தாழ்ந்து நிற்கும் பக்கத்தில் உட்புறத் தளத்தில் ஒரு சிறு ஓட்டை போட்டுப் பார்க்கட்டும். ஈரத் தூள் வந்தால் விஷயம் முடிந்தது. ஓட்டை போட விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சரிசெய்ய ஒரே வழி, தளத்தை அறுத்து ஈர ஃபோமைச் சுரண்டி எடுத்து, கூட்டை நன்றாகக் காயவைப்பது. உள்ளே பிளைவுட் இருந்தால் அது உளுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கூலியைக் கழித்துக்கொண்டு தருவார் என்றால் மட்டும் பேசுங்கள். புது ஃபோமைத் திரவமாக ஊற்றி உப்பவைக்கும் வேலையைச் சேலத்திலேயே முடித்துவிடுங்கள். ஏற்காட்டுக் குளிரில் ஃபோம் சரியாக உப்பாது. ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் உள்ளே சூடேறிக் கருகும், அடுக்கடுக்காகத்தான் ஊற்ற வேண்டும். ஆவி நுரையீரலுக்கு ஆகாது, வேலை செய்பவர் அதற்கான மாஸ்க் போடட்டும். அடியில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்காலும், வடித்துவிட மூடியும் வைக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் எந்த ஃபோம் அடைத்தாலும் மறுபடி இதே கதைதான்.

கேள்வி: மேட்டூர் அணையில் நானே மீன் பிடிக்க ஃபைபர் படகு செய்யச் சொல்லியிருக்கிறேன். ஃபோமுக்குப் பதில் தெர்மாகோல் போதும், விலை குறைவு என்கிறார் செய்பவர்.

பதில்: தெர்மாகோல் ஜவ்வரிசி மாதிரி மணிமணியாக ஒட்டி நிற்பது. மணிக்குள் தண்ணீர் எளிதில் போகாது, மணிகளுக்கு நடுவே போகும். அதைவிட முக்கியம், பெட்ரோல் பட்டால் கரையும். ஃபைபர் வேலைக்குப் பூசும் பாலியஸ்டர் ரெசின் நேரடியாகப் பட்டாலும் அப்படியே. எஞ்சின் மாட்டும் எண்ணம் இருந்தால் வேண்டவே வேண்டாம். பாலிஎத்திலீன் ஃபோம் கட்டைகள் கேளுங்கள். தண்ணீர் மிகக் குறைவாகத்தான் குடிக்கும், பழுதானால் கழற்றி மாற்றலாம். எல்லாவற்றையும் தளத்துக்கு அடியிலேயே அடைக்காமல், பக்கவாட்டில் உயரத்திலும் வைக்கச் சொல்லுங்கள். மிதப்பு முழுவதும் கீழே இருந்தால், தண்ணீர் நிறைந்த படகு குப்புறக் கவிழப் பார்க்கும்.

எந்த ஃபோம் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். வணிக நோக்கத்தில் வாங்குபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதாது. மேலே கேட்ட விடுதிக்காரருக்கு இது சிக்கல். சுயதொழிலாகச் சொந்தப் பிழைப்புக்கு மட்டும் வாங்கும் உங்களுக்கு விலக்கு உண்டு. குறை தெரிந்தால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.