அடித்தால்தான் அடங்குகிறான்

அன்புள்ள ஐயா,

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பா என்னைப் பெல்ட்டால் அடித்து வளர்த்தவர். நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என் ஆறு வயது மகன் சரியான முரடன்; ஒரு அடி போட்டால்தான் அடங்குகிறான். முரட்டுப் பிள்ளை அதிகம் அடி வாங்கத்தானே செய்யும்? அதைப் பார்த்துவிட்டு, அடியால்தான் முரடாகிறது என்று ஆய்வாளர்கள் தலைகீழாகச் சொல்கிறார்களோ?

கே.

அன்புள்ள கே.,

கடைசியில் கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. ராபர்ட் லார்சலீர் போன்ற ஆய்வாளர்களும் அதையேதான் கேட்டார்கள். முர்ரே ஸ்ட்ராஸ் குழுவினர் 1997இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதற்கு விடை தேடியது. ஆறு முதல் ஒன்பது வயதுள்ள பிள்ளைகளின் தாய்மார் 807 பேரிடம் விசாரித்தார்கள். பிள்ளை தொடக்கத்தில் எவ்வளவு முரடு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். அதிகம் அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடியிருந்தது. பிள்ளைகளை இப்படித் தொடர்ந்து கவனித்த 69 ஆய்வுகளை 2021இல் லான்செட் மருத்துவ இதழில் அலசியபோதும் அடியால் நடத்தை திருந்தியதாகத் தெரியவில்லை.

அடித்தால் அடங்குகிறான் என்கிறீர்கள். நம்புகிறேன். எலிசபெத் கெர்ஷாஃப் 2002இல் 88 ஆய்வுகளைத் தொகுத்தபோது அடிக்குச் சாதகமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்: அந்த நேரத்துக் கீழ்ப்படிதல். சிக்கலே அங்கேதான். உடனே பலன் தெரிவதால் நம் கை அதற்குப் பழகிவிடுகிறது. மறுநாள் அவன் அதையே செய்யும்போது, நேற்றைய அடி போதவில்லை என்றுதான் தோன்றுகிறதே தவிர, அடியே பலிக்கவில்லை என்று தோன்றுவதில்லை.

கெட்டுப்போகவில்லை என்கிறீர்கள், சரி. அடி வாங்கிய எல்லோரும் கெட்டுப்போவார்கள் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆனால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வந்ததும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெல்ட்.

நானும் என் மகளை அடித்திருக்கிறேன். ஒருநாள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்றவள் சட்டென்று தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் ஒரு தப்பும் செய்திருக்கவில்லை. புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.