அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின்) அரசுப் பள்ளிகளை யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது?

மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறுபடுவதால், வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியை வைத்து விளக்குகிறேன். ஏறத்தாழ 1,80,000 மாணவர்கள் பயிலும் அதன் பள்ளிகளை, மக்கள் நான்காண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் 12 உறுப்பினர் கொண்ட கல்வி வாரியம் ஆள்கிறது. தேர்தலில் கட்சிப் பெயர் வாக்குச்சீட்டில் இடம்பெறாது என்றாலும், கட்சிகளின் ஆதரவு யாருக்கு என்பது ஊரறிந்த செய்திதான். அன்றாட நிர்வாகம் வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளரிடம் உள்ளது.

சிக்கல் பணத்தில்தான் இருக்கிறது. வர்ஜீனியாவில் கல்வி வாரியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. எனவே அது தனக்குத் தேவையான தொகையைக் கணக்கிட்டு, தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழுவிடம் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுப்பெற வேண்டியிருக்கிறது. பள்ளி வருவாயில் சுமார் 70 விழுக்காடு இவ்வழியே, பெரும்பாலும் வீட்டுமனைச் சொத்துவரியிலிருந்து வருகிறது. ஒவ்வொரு பகுதியின் சொத்து மதிப்பு, மக்களின் வருமானம், சில்லறை விற்பனை ஆகியவற்றை 50, 40, 10 என்ற விழுக்காட்டில் எடைபோட்டு மாநிலம் தன் பங்கைத் தீர்மானிப்பதால், வசதி மிகுந்த ஃபேர்ஃபாக்ஸுக்கு மாநில உதவி குறைவாகவே கிடைக்கிறது. வாழ்க்கைச் செலவு மிகுந்த இடத்தில் ஆசிரியர்களைத் தக்கவைக்கும் செலவை இந்தக் கணக்கு முழுமையாக உணர்வதில்லை என்பது என் கருத்து. கூட்டரசின், அதாவது அமெரிக்க மத்திய அரசின், பங்கு சிறியது.

கற்றல் தரத்தை மாநிலத் தேர்வுகள் அளக்கின்றன. சராசரி நன்றாக இருந்தாலும், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் மாணவர்களுக்கும் ஏனையோருக்கும் இடையிலான இடைவெளியைச் சராசரி மறைத்துவிடும். ஆகவே பிரிவுவாரி முடிவுகளையே முதலில் பாருங்கள்.