வெயிலில் ஓடும் மோட்டார்: பெங்களூரு வாசகர்களுக்குப் பதில்கள்

அல்சூரில் இரண்டு மாடி வீடு. சம்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற சோலார் பம்ப் போட்டால் கரண்ட் பில் எவ்வளவு குறையும்?

குறைந்தது தெரியவே தெரியாது. ஆயிரம் லிட்டரை 15 மீட்டர் ஏற்ற, மோட்டார் வீணடிப்பதையும் சேர்த்துச் சுமார் 0.15 யூனிட்தான். தினமும் அவ்வளவு ஏற்றினாலும் மாதத்துக்கு நாலைந்து யூனிட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். விட்டுவிடுங்கள்.

சர்ஜாபூர் ரோட்டில் 40 வீடுகள் கொண்ட அபார்ட்மென்ட். போர் 1,000 அடி. காவிரி இணைப்பு இல்லை. எங்களுக்கும் அதே பதிலா?

இல்லை, உங்கள் கதையே வேறு. முதலில் ஒன்று: பார்க்க வேண்டியது போரின் ஆழமல்ல, மோட்டார் ஓடும்போது உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டம். அது 800 அடி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 21,600 லிட்டர். அதை மேலே கொண்டுவரவே ஏறக்குறைய 36 யூனிட் ஆகும். இங்கே ஒரு கிலோவாட் பேனல் தினமும் சராசரியாக 4 யூனிட் தரும். ஆக, 9 கிலோவாட்; நிழல் விழாத 900 சதுர அடி மொட்டை மாடி வேண்டும்.

ஆனால் பேனலை மோட்டாருக்கு மட்டும் நேராக இணைக்காதீர்கள். தொட்டி நிரம்பிய பிறகு அது சும்மா வெயில் காயும். பெங்களூருக்கு மின்சாரம் தரும் பெஸ்காமின் நெட் மீட்டரோடு (எடுப்பதையும் கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) போட்டால் மிச்சம் கணக்கில் வரவாகும், மோட்டாரும் வேண்டிய நேரத்தில் ஓடும். 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பிஎம் குசும் என்று யாராவது சொன்னால், அது விவசாயிகளுக்கானது.

மாடியில் சோலார் இருந்தும் பவர் கட்டில் மோட்டார் ஓடவில்லையே?

பழுதில்லை. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக, கரண்ட் போனால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனலை ஊர் மின்கம்பியோடு இணைக்கும் கருவி) தானே நின்றுவிடும். பேட்டரி விற்க வருவார்கள். அந்தக் காசுக்கு இன்னொரு மேல்தொட்டி வாங்குங்கள். நிரம்பிய தொட்டிதான் மலிவான பேட்டரி. அதன் நிழல் மட்டும் பேனலில் விழக்கூடாது.

பழைய போர் மோட்டாரையே சோலாரில் ஓட்டலாமா?

பேனலை நேராக இணைத்தே தீர்வது என்றால், த்ரீ ஃபேஸ் மோட்டாரை சோலார் டிரைவ் (பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) வைத்து ஓட்டலாம். சிங்கிள் ஃபேஸை இதில் ஓட்டுவது தலைவலி, மாற்றிவிடுங்கள். எதுவானாலும் டிரை ரன் பாதுகாப்பு, அதாவது தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு, கட்டாயம். வெயில் இலவசம்தானே என்று நாள் முழுக்க ஓடவிட்டால், கோடையில் போர் வற்றி மோட்டார் எரிந்துபோகும். அதை மேலே இழுக்கும் கூலியை நான் சொல்ல வேண்டியதில்லை.