ஃப்ரிட்ஜில் வைத்த சிலந்தி

அன்புள்ள ஐயா,

கொஞ்ச நாளாகத் தாவும் சிலந்திகளைப் படமெடுக்கப் பார்க்கிறேன். ஃபோகஸ் செய்வதற்குள் ஓடிவிடுகின்றன. புட்டியில் பிடித்துச் சற்று நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அசையாமல் நிற்கும் என்கிறார் நண்பர். செய்யலாமா? எந்த லென்ஸ் வாங்குவது? இது கடிக்குமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

விரலுக்கிடையில் நசுக்கினால் ஒழிய அனேகமாகக் கடிக்காது. லென்ஸ், சின்னதைப் பெரிதாகக் காட்டும் 100 மி.மீ. மேக்ரோ எதுவானாலும் சரி. இதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஃப்ரிட்ஜ் விஷயம் அப்படியில்லை. குளிரவைத்து எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்துச் சில நாட்களாகவே மனம் கசந்திருந்தேன். உங்கள் நண்பர் சொன்னதைக் கேட்காதீர்கள். சிலந்தியின் உடல்வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிரில் அது முடங்கிப்போகிறது. முடங்கிக் கிடக்கும் உயிரைப் பூவில் ஒட்டவைத்து 'இயற்கையில் எடுத்தது' என்று போடுவது பொய் இல்லையா?

இந்தச் சிலந்தியை நாம் தேடிப்போவதே அதன் பார்வைக்காகத்தானே! எட்டுக் கண்களில் ஆறு, ஏறத்தாழ எல்லாப் பக்கமும் அசைவைக் கண்காணிக்கின்றன. ஏதாவது அசைந்தால் உடலையே திருப்பி, முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்களால் உற்றுப் பார்க்கும். அந்தக் கண்களின் லென்ஸ் தலையோட்டோடு அசையாமல் பொருந்தியது. உள்ளே நீண்ட குழாயின் கடைசியில் இருக்கும் விழித்திரையைத்தான் தசைகள் இழுத்து நகர்த்துகின்றன. வெளிர்நிறச் சிலந்திகளில் இதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கண் வெளிறும், கருக்கும். நேராக உங்களைப் பார்க்கும்போது கரேலென்று ஆகிவிடும். அந்த நொடிக்காகக் காத்திருக்காமல் என்ன படம் எடுக்கப்போகிறீர்கள்?

இன்னொன்று. ஃபோகஸ் விலகி மங்கிய படத்தை நாம் அழித்துவிடுகிறோம். சிலந்தியோ தூரத்தை அளப்பதே அந்த மங்கலின் அளவை வைத்துத்தான். அதன் விழித்திரையில் நான்கு அடுக்குகள். பச்சை ஒளி ஓர் அடுக்கில் தெளிவாகவும் அடுத்ததில் மங்கலாகவும் விழுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் சிவப்பு ஒளியில் தாவவிட்டுப் பார்த்தார்கள். மங்கலின் அளவு மாறியதால் கணக்குத் தப்பி, இரையை எட்டாமல் முன்னாலேயே விழுந்தது!

ஒருமுறை சுவரில் ஒன்று ஈயைக் குறிவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரே போகவில்லை. ஈயே கண்ணில் படாத விளிம்புக்குப் பின்னால் இறங்கிச் சுற்றி, மேலே வந்து நின்றது. இழையைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தாவியது. ஈ தப்பிவிட்டது. அது இழையில் தொங்கி, மெல்ல ஏறி, அதே இடத்தில் நின்று மறுபடி நாலாபக்கமும் பார்த்தது. அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு அப்போது வந்த பிரியம் இன்னும் போகவில்லை. அதைத்தானா புட்டியில் அடைக்கச் சொல்கிறார் உங்கள் நண்பர்?

உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் மெதுவாகக் கிட்டப் போங்கள். குச்சியால் சீண்டாதீர்கள். ஃபிளாஷுக்கு, ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் மாட்டுங்கள். ஓடினால் ஓடட்டும். சற்று நேரம் அசையாமலிருந்தால் பெரும்பாலும் அதுவே திரும்பிப் பார்க்கும். அப்புறம், இலைமடிப்பில் வெண்ணிற இழைக்கூடு தெரிந்தால் பிரித்துப் பார்க்காதீர்கள். உள்ளே தாய் முட்டைகளோடு இருக்கக்கூடும்.