கல்லில் பூக்கும் உப்பும் கையில் கிடைக்கும் வேலையும்

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். பழைய கோயில்களைப் பாதுகாக்கும் பணியில் சேர ஆசை. பொறியியல் படித்திருக்க வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

வேண்டாம். சாய்ந்த சுவரை நிமிர்த்துவது பொறியாளர் வேலை. கல், ஓவியம், செப்புத்திருமேனி ஆகியவற்றின் மேற்பரப்பு வேதியியலாளர் பொறுப்பு. இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு டேராடூனில் இயங்குகிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதலே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் உண்டு. எம்.எஸ்சி. முடியுங்கள், அல்லது நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் பாதுகாப்புக்கென்றே இருக்கும் முதுகலைப் படிப்பில் சேருங்கள். லக்னோவில் உள்ள, பண்பாட்டுப் பொருள்களைப் பாதுகாப்பதற்கான தேசிய ஆய்வகமும் பயிற்சி தருகிறது.

முதலில் உப்பைப் புரிந்துகொள்ளுங்கள். நிலத்து ஈரம் கல்லுக்குள் ஏறி, மேற்பரப்பில் ஆவியாகும்போது உப்பு படிகமாகி, கல்லின் தோலைப் பெயர்த்துத் தள்ளும். காய்ச்சி வடித்த நீரில் ஊறிய காகிதக்கூழை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பிக் காயவிட்டால், உப்பு கூழுக்குள் வந்துவிடும். உரித்தெடுத்த கூழை நீரில் கரைத்து, அந்த நீரின் மின்கடத்துதிறனை அளக்க வேண்டும்; உப்பு கூடினால் அதுவும் கூடும். அளவு குறைந்து நிலைக்கும்வரை திரும்ப அப்ப வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: கல் ஏற்கெனவே செதில் செதிலாக இருந்தால் கூழோடு சிற்பமும் உரிந்து வரும். முதலில் ஜப்பானிய டிஷ்யூ தாள் ஒட்டிச் செதிலைப் பிடித்து நிறுத்த வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் உப்பு இன்னும் ஆழமாகப் போகும்.

கேள்வி: சிமெண்ட் வலுவானதுதானே, பழஞ்சுவரில் ஏன் கூடாது?
– வாசகர், கும்பகோணம்

அந்த வலுதான் கெடுதல். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது; தன் உப்பையும் சுவருக்குக் கொடுக்கும். சாந்து உதிர வேண்டிய இடத்தில் செங்கல் உதிரும். நன்கு நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்: இவற்றைச் சேர்த்து அரையுங்கள். மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரத்துக்கு மேல் காயாமல் வைத்திருங்கள். சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும்; வெயிலில் சட்டென்று காய்ந்தால் தேய்த்தாலே மாவாக உதிரும்.

கேள்வி: வெளிநாட்டில் வாய்ப்பு?
– வாசகர், திருச்சி

கம்போடியாவின் தா புரோம், வியட்நாமின் மி சன் கோயில்களில் நம் தொல்லியல் துறை பணியாற்றியிருக்கிறது. அங்கே போனவர்கள் பெரும்பாலும் துறை ஊழியர்கள். ஆகவே முதலில் துறையில் சேருங்கள். தா புரோமில் சுவரைக் கவ்வி நிற்கும் மரங்களுக்காக டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சென்றார்கள். தாவரவியல் படித்தவர்களும் இதைக் கவனிக்கலாம். பிரெஞ்சும் ஓரளவு படித்து வையுங்கள்: தா புரோம் இருக்கும் அங்கோரின் பழைய பணிப்பதிவுகள் அந்த மொழியில்தான் இருக்கின்றன.