பயோசிமிலர் என்றால் டூப்ளிகேட்டா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய், ஹெர்-2 பாசிட்டிவ் (புற்று உயிரணுக்களில் ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாக இருக்கும் வகை). மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதற்கான டிராஸ்டுஸுமாப் மருந்தை ஏற்றுகிறார்கள். இனிமேல் ‘பயோசிமிலர்’தான் தருவோம் என்கிறது மருத்துவமனை. குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர், “அது டூப்ளிகேட், சென்னையிலிருந்து ஒரிஜினலைப் பாதி விலைக்கு வரவழைத்துத் தருகிறேன்” என்கிறார். என்ன செய்வது? – ஈசூன் வாசகி

பதில்: மருத்துவமனை தருவதையே அம்மா ஏற்றிக்கொள்ளட்டும். பயோசிமிலர் டூப்ளிகேட் அல்ல; ஒரிஜினலின் காப்புரிமை முடிந்தபின், வேறொரு நிறுவனம் அதைப் போலவே தயாரித்து, அனுமதி பெற்று விற்கும் மருந்து. அந்தத் தெரிந்தவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

பாராசிட்டமால் மாதிரி ரசாயனத்தைக் கலந்து செய்யும் மருந்தல்ல டிராஸ்டுஸுமாப். ஏறத்தாழ 1,300 அமினோ அமிலங்கள் கோத்த பெரிய புரதம். சீன வெள்ளெலியின் கருப்பை உயிரணுக்களுக்குள் இதற்கான மரபணுவைப் புகுத்தி, பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். அவை சுரக்கும் ஆன்டிபாடி என்ற இந்த வகைப் புரதத்தைப் பிரித்து, பல கட்டமாகச் சுத்தம் செய்து, புட்டியில் அடைக்கிறார்கள். நம் சிங்கப்பூரின் துவாஸிலேயே ஆன்டிபாடி தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன.

அமினோ அமில வரிசை ஒரிஜினலிலும் பயோசிமிலரிலும் ஒன்றுதான். ஆனால் உயிரணு அந்தப் புரதத்தின்மேல் சின்னச் சின்ன சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டிவைக்கும். அது தடவைக்குத் தடவை இம்மியளவு மாறும். ஒரே வீட்டில், ஒரே கிரைண்டரில் அரைத்தாலும் நேற்றைய இட்லி மாவும் இன்றைய மாவும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லையே. ஒரிஜினல் நிறுவனத்தின் சொந்தத் தொகுதிகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. அதனால்தான் சட்டம் ‘அதே மருந்து’ என்று எழுதாமல் ‘ஒத்த மருந்து’ என்று எழுதுகிறது. அந்த வேறுபாடு சிகிச்சையைப் பாதிக்கவில்லை என்று ஆய்வகத்திலும் நோயாளிகளிடமும் காட்டிய பிறகுதான் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி கிடைக்கும். டூப்ளிகேட் போடுகிறவன் யாரிடம் அனுமதி கேட்கிறான்?

ஒரிஜினலான ஹெர்செப்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1998இல். காப்புரிமைக் காலம் முடிந்ததும் மற்றவர்களும் தயாரிக்கத் தொடங்கினார்கள், விலை இறங்கியது. அவர்களில் பெங்களூர் பயோகானும் ஒன்று. மைலான் நிறுவனத்தோடு சேர்ந்து அது உருவாக்கிய டிராஸ்டுஸுமாப் பயோசிமிலரை 2017 டிசம்பரில் அமெரிக்காவே அனுமதித்தது. ஆக, சென்னையிலிருந்து ‘பாதி விலைக்கு’ வரும் புட்டியும் ஒரு பயோசிமிலராகவே இருக்கலாம். அதுவாவது இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

என் பயம் வேறு. இந்த மருந்து ஆலையிலிருந்து வார்டுவரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். புட்டிக்குள் இருப்பது வெண்ணிறத் தூள். பெட்டியில் வைத்து வெயிலில் கிடந்ததா, குளிர்பெட்டியிலேயே வந்ததா என்பது பார்த்தால் தெரியாது. முத்திரை பிரியாமல் இருக்கிறதே என்பீர்கள். 2014இல் இத்தாலியில் திருடுபோன ஹெர்செப்டின் புட்டிகள், உள்ளிருப்பது மாற்றப்பட்டு, ஐரோப்பாவின் முறையான மருந்துச் சந்தைக்குள்ளேயே நுழைந்தன. 2012இல் அமெரிக்காவில் பிடிபட்ட, அவாஸ்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தின் போலியில் மருந்தே இல்லை. அங்கேயே அப்படியென்றால், கைப்பெட்டியில் கொண்டுவருகிறவரின் ரசீதை வைத்து என்ன செய்வீர்கள்? தவிர, வெளியிலிருந்து வந்த புட்டியை ஏற்ற மருத்துவமனைகள் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. பணம் போனது போனதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று நினைத்துவிடாதீர்கள். டிராஸ்டுஸுமாப் எம்டான்சின், டிராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டெகான் என்று இரண்டு மருந்துகள் உண்டு. கட்சைலா, என்ஹெர்ட்டு என்ற பெயர்களில் வருபவை. இவை பயோசிமிலர் அல்ல. ஆன்டிபாடியோடு கடுமையான கீமோ மருந்தை இணைத்தவை. அளவும் வேறு: உங்கள் அம்மாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 மில்லிகிராம் (முதல் ஊசி மட்டும் 8) என்றால், எம்டான்சினுக்கு 3.6தான் உச்சம். பெயர்க் குழப்பத்தால் தவறு நேரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013இல் எச்சரித்தது. டிரிப் பையின் லேபிளில் ‘டிராஸ்டுஸுமாப்’ என்பதற்குப் பின்னால் இன்னொரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாதியை நிறுத்திக் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செலவுக்கு வருவோம். 2022 செப்டம்பரிலிருந்து நம் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப், புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே, மாத உச்சவரம்போடு பணம் தருகிறது. அதற்கு மேல் எடுக்கும் தனியார் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டங்கள் 2023 ஏப்ரலில் அதே வழிக்கு வந்தன. மருந்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, எந்த நிலைப் புற்றுநோய்க்கு என்பதும் பொருந்த வேண்டும். இதை எங்களைப் போன்ற மருந்தாளர்களே இரண்டு முறை படித்தால்தான் புரிகிறது. 61 வயது அம்மா எப்படிப் படிப்பார்? ஐந்து நிமிட ஆலோசனையில் ‘பயோசிமிலர்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு படிவத்தை நீட்டினால், மிச்ச விளக்கத்தை இடைத்தரகர்தானே கொடுப்பார்! மருத்துவச் சமூக ஊழியரைச் சந்திக்க நீங்களே நேரம் கேளுங்கள். மருந்து உதவி நிதி, மெடிஃபண்ட் என்ற இரண்டு அரசாங்க உதவிகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள்.

இந்த மருந்து இதயத்தைப் பலவீனப்படுத்தலாம் என்பதால், அதற்கான எக்கோ பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் பார்சல் வரட்டும் என்று அடுத்த ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். குறித்த தேதியிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால், முதல் ஊசியின் 8 மில்லிகிராம் அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.